நான் எழுதாமல் விட்ட பத்தி

குன்னூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள சுகந்தி அக்காவுக்கு, கீர்த்திவாசன் எழுதுவது.

நேரில் சொல்லத்தான் வந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "மெதுவா ஓட்டறேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போன மனுசன், வீம்புக்கு மிதிச்சிருக்காரு பாரு" என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். அது பொய். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் தரணி அண்ணனோடு நாங்கள் ஐந்து பேர் பர்லியாறிலிருந்து குன்னூருக்குச் சைக்கிளில் ஏறுவது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் எல்லோரும் நெஞ்சுப்பட்டை வாங்கினோம். இதயம் நிமிஷத்துக்கு எத்தனை தரம் துடிக்கிறது என்று அது போனில் காட்டும். அதைப் பார்த்து எப்படிப் பயிற்சி செய்வது என்று இணையத்தில் பாடங்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்து எல்லோருக்கும் தமிழில் அட்டவணை போட்டது நான். இருநூற்று இருபதில் வயதைக் கழித்தால் வருவது உச்சம். ஏற்றத்தில் அதில் நூற்றுக்கு எண்பது வர வேண்டும். தரணி அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. 134 என்று எழுதிக் கொடுத்தேன்.

அண்ணனுக்கு 105-ஐத் தாண்டவே இல்லை. தன் அளவை எட்டாதவர் மேலே வந்ததும் டீயும் வர்க்கியும் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பட்டை கட்டிய நாலு வாரமும் அண்ணன்தான் வாங்கினார்.

"ஏனுங்ணா, சைக்கிள் ஓட்டறீங்களா, எருமை ஓட்டறீங்களா?" என்று ஆறுச்சாமி சீண்டுவான்.

"மூச்சு எரைக்குதுடா. நம்பர்தான் ஏற மாட்டீங்குது" என்பார் அண்ணன்.

"பட்டை பொய் சொல்லாதுங்ணா" என்று சொன்னது நான்.

அந்தப் பாடத்தில் இன்னொரு பத்தி இருந்தது அக்கா. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு மிதித்தாலும் எண் ஏறாது, இந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டரைக் கேட்க வேண்டும். ஏறும்போதே பேச முடிகிற அளவுக்குத்தான் மிதிக்க வேண்டும் என்றது அந்தப் பத்தி. நம்மில் யார் நோயாளி என்று நினைத்து அதை எழுதாமல் விட்டேன். அண்ணன் பிரஷருக்கு அந்த மாத்திரைதான் சாப்பிடுகிறார் என்பது, நீங்கள் டாக்டரிடம் சீட்டை நீட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். ஆனால் எழுதியிருந்தால் படித்திருப்பார்.

போன ஞாயிறு மரப்பாலம் தாண்டி, அவர் பக்கத்திலேயே போய், "இன்னும் கொஞ்சம் ஏத்துங்ணா, இன்னும் கொஞ்சம்" என்றேன். பதில் பேச அவரால் முடியவில்லை. 121 வந்தது. "பாத்தீங்களா, வருது!" என்று கத்தினேன். அடுத்த வளைவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து விழுந்தார்.

நேற்று வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. நான் வீம்பு புடிச்சேன்னே இருக்கட்டும். உனக்கெதுக்குப் பொல்லாப்பு?" என்றார். அவர் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன். நாலு நாளாக நீங்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறார். அவர் சத்தியத்தை மீறவில்லை அக்கா, நான் மீற வைத்தேன்.

இதை ஆறுச்சாமியிடம் இன்றே கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை டாக்டர் வரும்போது அட்டவணையோடு வருகிறேன். அவரிடம் நானே சொல்கிறேன். என்னை உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதும் உங்கள் இஷ்டம். அதற்கு முன்னால் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
கீர்த்திவாசன்