ஆபீசருக்குக் கேட்ட சொல்

எங்கள் அக்கா வளர்க்கும் நாய்க்கு ஆபீசர் என்று பெயர். வைத்தவள் என் மனைவி. அது தெருவில் நடக்கும் தோரணை அப்படி. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தின் முன்னும் நிற்கும். மேலிருந்து கீழ்வரை முகர்ந்து பார்க்கும். எதிலுமே திருப்தி இல்லாததுபோல ஒரு பெருமூச்சு விடும். பிறகு காலைத் தூக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போகும்.

அக்காவுக்கு ஐம்பத்துமூன்று வயது. அத்தான் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கீழ்த்தளத்தில் அவளுடைய தையல் கடை, மாடியில் எல்லோருக்குமாக வீடு. பழைய துணியைப் பிரித்துப் புதிய உடம்புக்குச் சரிசெய்து கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கடைக்கு வரும் ஒருவர், தோட்டம் வைத்த வீட்டை விட்டு அடுக்குமாடிக்குப் போனபோது ஆபீசரை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது அதற்கு இரண்டு வயது.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. தோட்டத்தில் வளர்ந்த நாய்க்குக் காலடியில் மண்ணும் புல்லும் பட்டால்தான் பெரிய வேலை நடக்கும். சிமென்ட் தரையும் கழுத்தில் கயிறும் கூடவே ஓர் ஆளும் என்றால் அதற்கு வரவே வராது. அக்கா முக்கால் மணி நேரம் தெருவில் நிற்பாள். ஆபீசரும் நிற்கும். இருவரும் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள்.

கால்நடை மருத்துவர் ஒரு வழி சொன்னார். வீட்டில் யாரும் சொல்லாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாய் உட்காரப் போகும் சமயத்தில் அதைச் சொல்ல வேண்டும், முடிந்ததும் ஒரு பிஸ்கட் தர வேண்டும். சில வாரங்களில் சொல் காதில் விழுந்தாலே உடம்பு தானாக வேலையைத் தொடங்கிவிடும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். தரைத்தளத்துக்கு நாங்கள் சொல்லும் "கிரவுண்ட்" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேன்.

"ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் என் மனைவி.

ஆறு வாரம் பழக்கினோம். பலன் நன்றாகவே தெரிந்தது, ஆபீசர் தெருவில் வேலையை முடிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் நான் கூட்டிக்கொண்டு போய் "கிரவுண்ட், கிரவுண்ட்" என்று கத்தினால், உனக்கு என்ன ஆச்சு என்பதுபோலப் பார்க்கும். அக்காவோடு போனால் மட்டுமே நடக்கும். காரணம் எங்களுக்கு ஒருநாள் தையல் கடையில் விளங்கியது.

ஒரு வாடிக்கையாளர் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "சனிக்கிழமைக்குள்ள கைநீளத்தைக் குறைச்சுக் கொடுத்துடுங்க" என்றார்.

"ஆகட்டும்" என்றாள் அக்கா.

மேசைக்குக் கீழே படுத்திருந்த ஆபீசர் எழுந்தது. ஒரு சுற்று சுற்றியது. கோட்டுக்காரரின் காலணிக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்தது.

நடந்தது இதுதான். தெருவில் முக்கால் மணி நேரம் காத்து நின்ற அக்கா, நாய் சுற்றத் தொடங்கும்போதெல்லாம் தன்னை அறியாமல் "ஆகட்டும்... ம், ஆகட்டும்" என்று முணுமுணுத்திருக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்து "கிரவுண்ட்" என்றிருக்கிறாள். மணி அடித்த பின் லிஃப்ட் கதவு திறந்தால், மணி கதவுக்கு அடையாளமாகும். கதவு திறந்தபின் அடிக்கிற மணியை யார் கவனிக்கிறார்கள்? நாய் நாம் தேர்ந்தெடுத்த சொல்லைக் கற்பதில்லை. முதலில் வரும் சொல்லைக் கற்கிறது.

அன்றிலிருந்து வீட்டிலும் கடையிலும் அந்தச் சொல்லுக்குத் தடை. எங்களுக்குச் சுலபம், அக்காவுக்குத்தான் பெரும்பாடு. எதற்கும் சம்மதம் சொல்ல அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். யாராவது எதையாவது கேட்டால் "ஆ" என்று தொடங்கி, ஆபீசரைப் பார்த்து, வாயை மூடி, தலையை மட்டும் ஆட்டப் பழகிக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடி விற்பவர். எங்கள் தெருவின் மறுமுனையில் கடை. மனைவியை இழந்தவர். பட்டாணி என்று ஒரு குட்டை நாய் வைத்திருந்தார். காலையில் அவரும் அக்காவும் நாய்களோடு ஒரே நேரத்தில் புறப்படுவது முதல் வாரம் தற்செயலாக இருந்திருக்கலாம். நான்கு மாதத்துக்குத் தற்செயல் நீடிக்காது.

அவர் முன்னால் ஆபீசர் செய்யாத அவமானம் இல்லை. முதல் நாளே அவருக்குப் பின்பக்கமாகப் போய் மூக்கை ஆழமாக வைத்து விசாரித்தது. (நாய்க்கு அது நலம் விசாரிப்பதுதான். வயது, சாப்பாடு, மனநிலை எல்லாம் அங்கே எழுதியிருக்கும். கைகுலுக்கினால் நமக்கு இதில் பாதிகூடத் தெரியாது.) இன்னொரு நாள் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் கையிலிருந்த பன்னை, நடையைக்கூட மாற்றாமல் வாயில் வாங்கிக்கொண்டு போனது. பிறகொரு நாள் வேலை முடிந்ததும் பின்னங்காலால் வாரி இறைத்த ஈர மண், வெள்ளைக் கால்சட்டை போட்ட யாரோ ஒருவர்மேல் போய் விழுந்தது. மறைப்பதற்காக மண்ணைத் தள்ளுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் பாதத்திலும் வாசனைச் சுரப்பி உண்டு. 'இங்கே வந்தேன்' என்பதை அடிக்கோடிட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கு உயிரே போகும். கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் நிதானமாகத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். "இது இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஏதாவது நடந்துச்சா என்ன?" என்பார்.

இதை எங்களிடம் சொல்லும்போது அக்கா எதிரே இருந்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். என் மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

பிறகு அவருடைய கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போவதாகச் செய்தி வந்தது. அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வேறு ஊரில் இருக்கும் அண்ணனோடு சேர்ந்து கடை வைப்பது. மற்றொன்று, எங்கள் தெருத் திருப்பத்தில் காலியாக இருந்த கடையை எடுப்பது. அவர் எதை எடுப்பார் என்று அக்கா ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அந்த வாரம் தைத்த மூன்று சட்டைகளில் பொத்தான் துளையை எதிர்ப்பக்கம் போட்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலை அவள் நடைக்குப் போய்விட்டு வந்து சாப்பாட்டு மேசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கயிற்றைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன அண்ணி?" என்றாள் என் மனைவி.

"கேட்டுட்டார்."

"என்னன்னு?"

"'நான் இங்கேயே இருந்துடலாமான்னு பார்க்கறேன். கடைக்காக மட்டும் சொல்லல. உங்களுக்குச் சம்மதமா'ன்னு."

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"'ஆ'ன்னேன்."

"ஆ-வா?"

"அதுக்கு மேல சொன்னா இவன் உட்கார்ந்துடுவானே! மருந்துக்கடை வாசல். அப்பதான் கழுவி விட்டிருந்தாங்க. வாயை மூடிக்கிட்டேன்."

"தலையை ஆட்டியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"ஆட்டறதுக்குள்ள அவர் குனிஞ்சு பட்டாணியோட கழுத்துப்பட்டையைச் சரிபண்ண ஆரம்பிச்சுட்டார். 'பரவாயில்ல, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு அண்ணனுக்குப் பதில் சொல்லணும், அதான் கேட்டேன்'னார். போயிட்டார். பட்டாணிகூட திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு. அவர் பார்க்கல."

"'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஏன்டா, பொத்தானுக்கும் ஜிப்புக்கும் வேணா சரின்னு சொல்லலாம். இதுக்குப் போயி சரியா? நாக்குல அது ஒண்ணுதான் வந்துச்சு. அதை முழுங்கினதும் வேற எதுவும் வரல."

"போன் பண்ணுங்க அண்ணி."

"இதைப் போய் போன்லயா சொல்லுவாங்க? நாளைக்கு நேர்லயே சொல்றேன்."

"அப்ப ஆபீசரை வீட்டுல விட்டுட்டுப் போங்க."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நாய் இல்லாம நான் காலைல ஆறரை மணிக்குத் தெருவுல எதுக்கு நிக்கறேன்? அவருக்காகவே வந்து நிக்கற மாதிரி இருக்காது?"

அவருக்காகவேதானே என்று நாங்கள் இருவரும் சொல்லவில்லை. குடும்பம் என்றால் சில இடங்களில் நாமும் கண்ணாடியைக் கழற்றத்தான் வேண்டும்.

கடைசியில் இந்தப் பொறுப்பு என்மேல் விழுந்தது. அக்கா நாயோடுதான் போவாள். நான் கூடப் போவேன். கண்ணாடிக்கடைக்காரர் வந்ததும் ஏதோ சாக்குச் சொல்லி ஆபீசரை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவேன். சொல் காதில் விழாத தூரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாள் மாலையே நானும் மனைவியும் தெருவில் நின்று சோதித்தோம். அவள் மருந்துக்கடை வாசலில் நின்று சாதாரணக் குரலில் பேசினாள். நான் பின்னாலேயே நகர்ந்துகொண்டு போனேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தம் வந்தபோது அவள் குரல் சுத்தமாகக் கேட்கவில்லை. அந்த இடத்தில் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன்.

பிழை எங்கே என்று இப்போது தெரிகிறது. நான் அளந்தது என் காதுக்கு. நாயின் காதைத் திருப்புவதற்கு மட்டுமே பத்துப் பன்னிரண்டு தசைகளுக்கு மேல் உண்டு. ஒலி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அது காதைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். லிஃப்ட்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் அது எந்த எட்டுப் பேர் என்று கேட்பது என் தொழில். அன்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை மருந்துக்கடை வாசலுக்குக் கண்ணாடிக்கடைக்காரர் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். வராமலே போய்விடுவாரோ என்று அக்கா அதற்குள் முந்தானையை நான்கு தடவை சரிசெய்துவிட்டாள். அவரைப் பார்த்ததும் நான், "ஆபீசருக்குக் கொஞ்சம் வேகமா நடக்கணும்போல, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். இதைவிட மோசமான சாக்கை நான் சொன்னதில்லை. ஆபீசர் அப்போது படுத்திருந்தது.

சாலையைக் கடந்து சாக்கட்டிக் கோட்டில் போய் நின்றேன். பேருந்துக்காக எட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். பின்னால் நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்பு. எதிர்ப்பக்கம் அக்கா ஏதோ சொல்லத் தொடங்கியது தெரிந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு லாரி நடுவில் வந்து நின்றது. லாரிக்காரர் இன்ஜினை உறுமவிட்டபடியே வழி விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அக்காவும் தெரியவில்லை, அவரும் தெரியவில்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை. அக்கா இந்தத் தடவையும் வாயை மூடிக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

ஆபீசரின் இடது காது திரும்பியது.

பிறகு வலது காது. எழுந்து நின்றது. வரிசையில் முதலாவதாக நின்ற அம்மாவின் பைக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றியது.

"இல்ல, இல்ல, இங்க வேண்டாம்" என்று கயிற்றை இழுத்தேன். உட்காரத் தொடங்கிய நாயை இழுப்பதும் கீழே இறங்கும் லிஃப்ட்டைக் கையால் நிறுத்துவதும் ஒன்றுதான். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இரண்டு அடி பின்வாங்கினார்கள். ஆபீசர் என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு, ரொம்ப நிம்மதியாக வேலையை முடித்தது.

"அக்கா சொல்லிட்டா!" என்று கத்திவிட்டேன்.

வரிசையிலிருந்த ஒருவர், "உங்க அக்காவா இப்படிச் செய்யச் சொன்னாங்க?" என்றார்.

நாய் போனதை அள்ளிப் போடும் பை என்னிடம் இல்லை. பை அக்காவின் கையில் இருந்தது. நான் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது லாரி நகர்ந்தது. அதன் பின்னாலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் பட்டாணியோடு ஓடி வந்தார். வரும்போதே தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை உருவிக் கையில் மாட்டிக்கொண்டார். குனிந்து அள்ளினார். முடிச்சுப் போட்டார். பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டியில் போட்டார். எட்டுப் பேரிடமும் அவரே மன்னிப்புக் கேட்டார்.

"நீங்க எதுக்கு அத்தான், நான் பார்த்துக்கறேனே" என்றேன். அத்தான் என்ற சொல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அதுவரை அவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது, ஓடி வந்ததால் மட்டுமல்ல. "சொன்னாங்க. அப்புறம் நேத்து ஏன் சொல்லலைங்கறதையும் சொன்னாங்க. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நான் கேட்டதுக்கு உங்க அக்கா கொட்டாவி விட்டாங்கன்னு நினைச்சேன். ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

அதற்குள் அக்காவும் வந்து சேர்ந்தாள். வரிசையில் நின்றவர்களையும் தரையையும் என்னையும் பார்த்தாள். "அவ்ளோ தூரத்துக்கா கேட்டுச்சு?"

"நீ என்ன, கத்தினியா?"

"லாரிச் சத்தத்துல அவருக்குக் கேக்க வேண்டாமா?" என்றாள். அவளுடைய காது நுனிவரை சிவந்துவிட்டது. "ரெண்டு தடவை சொன்னேன்."

"மூணு" என்றார் அவர்.

அவர் அண்ணனுக்குப் போன் செய்யச் சற்றுத் தள்ளிப் போனார். பேசி முடித்துவிட்டு வந்ததும், திருப்பத்துக் கடையின் உள் அளவைப் பார்க்க வேண்டும், சாவி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது என்றார். அக்கா வீட்டிலிருந்து கிளம்பும்போதே அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"இவங்களை ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்கடா" என்று பட்டாணியின் கயிற்றையும் என் கையில் திணித்தாள். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

இரண்டு நாய்களை இரண்டு கயிற்றில் பிடித்தால் கயிறுகள் ஏன் உடனே பின்னிக்கொள்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. ஒன்று முகரப் போகும் இடத்தைத்தான் மற்றதும் முகரும், அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து. நடுவில் நிற்பவன் கம்பம் ஆகிவிடுவான். ஒரு நிமிடத்துக்குள் என் இரண்டு கால்களும் சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டன. வேலைக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

வரிசையில் முதலாவதாக நின்ற அம்மா தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு நாயும் உங்களோடதா?"

"இல்லைங்க" என்றேன். "ரெண்டும் எங்க அக்காவோடது."