கால் வைத்துப் பார்க்காத அறை

இருபத்திரண்டு வருஷமாக ஜெச்சொன் ஊரில் வீட்டுப் பாய்லர் பழுது பார்க்கிறேன். சூட்டைக் காட்டும் சுவர்ப் பெட்டியில் டிகிரி சரியாக இருக்கும்போது யாராவது "குளுருது" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண் எதற்காகப் பொய் சொல்லப்போகிறது?

போன வருஷம் ஜனவரியில் தக் ஜொங்-சொக் அண்ணன் கூப்பிட்டார். புற்றுநோயோடு சின்ன அறையில் படுத்திருந்த அவர் மனைவி, தரை சில்லிடுகிறது என்று ஒரு வாரமாகச் சொல்கிறாராம். எங்கள் வீடுகளில் தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்தான் சூடு தரும்.

"சர்க்கரையில எனக்குக் கை காலெல்லாம் மரத்துப்போச்சு தம்பி. சூடும் தெரியாது, சில்லிப்பும் தெரியாது. நீ கொஞ்சம் கால் வெச்சுப் பாத்துச் சொல்லு."

அன்று இன்னும் நாலு வீடு பாக்கி. பூட்ஸைக் கழற்றச் சோம்பல்பட்டு, மேலே பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு போனேன். கூடத்துச் சுவர்ப் பெட்டியில் இருபத்துநாலு டிகிரி. அறை வாசலில் நின்றபடியே சொன்னேன்:

"எல்லாம் சரியா இருக்கு அண்ணி. ஒடம்பு முடியாதவங்களுக்கு அப்படித்தான் குளுரும்."

"பாத்தியா? உனக்கு எப்பவும் ஒரு குறை" என்றார் அண்ணன்.

"நான் சொல்லி நீங்க என்னைக்கு நம்புனீங்க?" என்று சிரித்த அண்ணி, போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார். பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தப் பிப்ரவரியில் முதல் திவசத்துக்கு மகள் ஹெ-ரிம் வந்தாள். சின்ன அறையில் வைத்த காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாளாம். மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். வண்டியில் உறை தீர்ந்திருந்ததால் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போனேன். கூடம் கதகதப்பாக இருந்தது. அந்த அறைத் தரையோ பனிக்கட்டி. சுவரில் அதே இருபத்துநாலு. அந்தப் பெட்டி கூடத்துச் சூட்டைத்தான் காட்டும். இது தெரியாதவனா நான்?

சமையல் தொட்டிக்கு அடியில்தான் ஒவ்வோர் அறைக்கும் வெந்நீரைப் பிரிக்கும் வால்வுகள். சின்ன அறை வால்வின் பிடி சும்மா சுற்றியது. உள்ளே தண்டு ஒடிந்து, மூடியபடியே கிடந்தது. பித்தளைமேல் கனத்த பச்சைக் களிம்பு. ஒரு வருஷத்தில் ஏறுகிற களிம்பு இல்லை அது.

அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினார். "இது எப்பத்திலேருந்து தம்பி?"

இப்பத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாவி, இன்னொரு பொய்யா?

"அண்ணி இருந்தப்பவே, அண்ணே. அன்னிக்கு நான் கால் வெச்சுப் பாக்கல."

அவர் கையை நீட்டி அந்தப் பிடியைச் சும்மா சுற்றினார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

வால்வை மாற்றிவிட்டு, தரை சூடேறும்வரை உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அலமாரியிலிருந்து மனைவியின் மெத்தையைத் தூக்கிவந்து, பழைய இடத்திலேயே விரித்தார்.

"இப்ப கால் வெச்சுச் சொல்லு தம்பி."

காலுறையையும் கழற்றிவிட்டு மெத்தையோரமாக நின்றேன்.

"சூடா இருக்கு, அண்ணே."

"அவளுக்குப் போதுமா?"

"போதும்ணே" என்றேன்.