பின்னால் வருகிறவர்கள்

அன்று எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான், என் மனைவி, பல் மருத்துவரான என் தம்பி, பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கும் அவன் மகள். வேறு யாரும் இல்லை. பிற்பாடு எங்கள் கோல்ஃப் கிளப்பில் எங்களைப் பற்றிக் கண்ணால் கண்டதுபோலப் பேசியவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வருடத்தில் ஒரு வாரம் குடும்பமாக வெளியூர் போய் கோல்ஃப் ஆடுவது எங்கள் வழக்கம். எந்த மைதானம், எந்த ரிசார்ட் என்பதை எப்போதும் நான்தான் முடிவு செய்வேன். போன வருடம் போகவில்லை. தம்பிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறான். இடது காலை இழுத்துத்தான் வைக்க முடிகிறது. இடது கை சட்டைப் பையில் செருகியபடியே இருக்கும். பேச்சு நிதானமாக வரும். அவன் மகள்தான் பிடிவாதமாக நின்றாள். ஒற்றைக் கையால் ஆடலாம், ஆடினால்தான் உடம்பும் தேறும், இந்த வருடம் போயே ஆக வேண்டும் என்றாள். நானும் சம்மதித்தேன். இடத்தை மட்டும் நானே பார்ப்பதாகச் சொன்னேன்.

அதற்குக் காரணம் இருந்தது. கோல்ஃப்பில் ஒரு மரியாதை உண்டு. மெதுவாக ஆடுகிறவர்கள், பின்னால் வேகமாக ஆடி வருகிறவர்களைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி, கையைத் தூக்கி, போகச் சொல்லி வழிவிட வேண்டும். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு எத்தனையோ பேர் அப்படி வழிவிட்டிருக்கிறார்கள். நாங்கள் யாருக்கும் விட்டதில்லை. பந்து தொலைந்தால் தொலைந்ததுதான், தேடிக்கொண்டு நிற்க மாட்டோம். நடந்துகொண்டே அடுத்த அடியை யோசிப்போம். எங்களைத் திமிர் பிடித்த குடும்பம் என்று சொன்னவர்கள் உண்டு. மெதுவாக ஆடும் குடும்பம் என்று எவரும் சொன்னதில்லை. அந்தப் பெயரோடு வளர்ந்த தம்பி, எல்லோரிலும் நன்றாக ஆடிய தம்பி, ஓரமாக நின்று எவனெவனையோ போகச் சொல்லும் காட்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே ஆளே வராத மைதானமாகத் தேடினேன். ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் போன் செய்து, "உங்க மைதானத்துல கூட்டம் இருக்குமா?" என்று கேட்டேன். "எப்பவும் களை கட்டும் சார்" என்று பெருமையாகச் சொன்னவர்களையெல்லாம் ஒதுக்கினேன். கடைசியில் இரண்டு இடங்கள் தேறின. அதில் ஒன்றில் வரவேற்பறைப் பெண் தயங்கித் தயங்கி, "பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டாங்க சார்" என்றாள். அவளுக்கு நான் நன்றி சொன்னதும் குழம்பிப் போயிருப்பாள்.

அந்த இடத்தின் படத்தைத்தான் முதலில் மேசைமேல் வைத்தேன். தம்பி மகள் அதை எடுத்துப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியில் எதையோ தேடினாள்.

"பெரியப்பா, இங்க ஏன் ஆள் வர்றதில்லன்னு கேட்டீங்களா?"

"அமைதியான இடம்மா."

"மலைச்சரிவு பெரியப்பா. ஒரு குழியில இருந்து அடுத்த குழிக்கு ஏறிப் போகணும். ஆடுகூட கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் ஏறும். அப்பா எப்படி ஏறுவாரு?"

நான் இரண்டாவது படத்தை நகர்த்தினேன். கடலோரம், சமதரை, வெண்மணல். அங்கேயும் கூட்டம் இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். அவள் அதையும் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"புல்லையெல்லாம் பேத்துட்டுப் புதுசா போடுறாங்க. சீசன் முடியற வரைக்கும் மைதானமே மூடியிருக்கு."

"அப்போ அதையே எடுத்துருங்க," என்றாள் என் மனைவி. "அங்க நிச்சயமா யாரும் பின்னால வரமாட்டாங்க."

அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்கு என் கணக்கு தெரியாமலா இருக்கும்?

தம்பி மேசைமேல் சாய்ந்தான். வலது கையை நீட்டி, பழைய பழக்கத்தில் எடுத்து வந்து படங்களின் அடியில் நான் மறைத்தாற்போல வைத்திருந்த ஒன்றை விரலால் இழுத்தான். ஏரிக்கரை மைதானம். நாங்கள் பல தடவை போன இடம். அந்த ரிசார்ட்டின் கூடத்தில் ஒரு மரப்பலகை இருக்கிறது. அங்கே நடந்த போட்டிகளில் ஜெயித்தவர்களின் பெயர்களைப் பொன்னெழுத்தில் எழுதியிருப்பார்கள். அதில் தம்பியின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.

"இது," என்றான்.

"அங்க லீவு சமயத்துல கூட்டம் நெரியும்டா."

"தெரியும்."

"அங்க எல்லாருக்கும் உன்னைத் தெரியும்."

"தெரியட்டுமே. தெரியாத இடமாப் பாத்து ஒளிஞ்சு ஆட, நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

"உன் மரியாதைக்காகத்தான்டா இவ்வளவும் பாக்கறேன்."

அவன் படத்தின் ஓரத்தை விரலால் நிமிண்டினான். வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தானா, வார்த்தைகள் கிடைத்து அவற்றை அடக்கிக்கொண்டிருந்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு உடம்பு முடியாம போனதிலேருந்து நீ என்னைக் கிளப் பக்கமே கூட்டிட்டுப் போகல அண்ணே. கேட்டா வெயில்னு சொல்ற. மழைன்னு சொல்ற. போன வாரம் வெயிலும் இல்ல, மழையும் இல்ல. மேகமூட்டமா இருக்குன்னே."

என் மனைவி சிரித்துவிட்டாள். அவன் மகளும் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"நான் ஏரிக்கரைக்கு வரேன். ஆனா ஒண்ணு. பின்னால வர்றவங்களுக்கு நீ வழிவிடணும். நீயே கையத் தூக்கணும். எவன் வரான், உன் முகம் எப்படிப் போகுதுன்னு பாத்துப் பாத்து என்னால ஆட முடியாது. உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. மட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடறேன். இனி தொட மாட்டேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறவன் அல்ல. எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று ஒரு தடவை சொன்னால் மாற்றிச் சொல்ல மாட்டான். அவனுடைய மட்டைப் பை வீட்டுக் கூடத்து மூலையில் துணி போர்த்தி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துணியில் ஒருபோதும் தூசு படிந்திருந்ததில்லை. யாரோ அதை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற படங்களைச் சேர்த்து அடுக்கி ஓரமாக வைத்தேன்.

"ரூம் தரைத்தளத்துல கிடைக்குமான்னு கேளும்மா," என்றேன். "பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி இருக்கணும். பேட்டரி வண்டியைப் புல்லுமேல ஓட்ட விடுவாங்களான்னும் கேட்டுரு."

"எனக்கு ஏரி தெரியணும்," என்றாள் என் மனைவி.

தம்பி தேநீரைக் குடித்தான். ஆறியிருக்கும். குடித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கோப்பையை அவள் பக்கம் தள்ளினான்.

ஏரிக்கரையில் நான் எதிர்பார்த்த கூட்டம் இருந்தது. தம்பியும் நானும் மட்டும் ஆடினோம். அவன் மகள் வண்டியை ஓட்டினாள். மூன்றாவது குழியில் அவன் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. ஒற்றைக் கையால் அடித்தான். மணல்தான் தெறித்தது. மறுபடி அடித்தான். பந்து மேட்டில் ஏறி, யோசித்து, அவன் காலடிக்கே உருண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் நான்கு பேர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் கிளப்காரர், தம்பியிடம் பல் கட்டிக்கொண்டவர். போயும் போயும் அவரா என்று இருந்தது.

தம்பி பின்னால் பார்க்கவில்லை. மணலைக் காலால் சமன் செய்து, அடுத்த அடிக்கு நின்றுகொண்டிருந்தான். என்னை நம்பி நிற்கிறவனின் முதுகு அது.

நான் ஓரமாக வந்து நின்று கையைத் தூக்கினேன். பாதி தூக்கினால் அவர்களுக்குப் புரியாது. முழுக்கத் தூக்கினேன்.

அவர்கள் ஆடி முன்னேறி எங்களைக் கடந்தபோது, கிளப்காரர் தொப்பியைக் கழற்றினார். "டாக்டர், நீங்க கட்டின பல்லு இன்னும் ஸ்டெடியா இருக்கு."

"பல்லு ஸ்டெடிதான்," என்றான் தம்பி. "உங்க ஷாட்தான் ஆடுது."

நான்கு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்கள் பேச்சுச் சத்தம் அடங்கிய பிறகு தம்பி மட்டையை ஓங்கினான். மணல் விசிறியாக எழுந்தது. அதற்குள்ளிருந்து வெள்ளையாகப் பந்து கிளம்பி, மேட்டைத் தாண்டி, ஏரி வெளிச்சத்தில் ஒரு கணம் காணாமல் போய், அந்தப் பக்கப் புல்லில் விழுந்து ஓடியது. அவன் மகள் வண்டியின் ஹாரனை அழுத்தினாள். மைதானத்தில் அது கூடாது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் ஊர் திரும்பியபோது கிளப்பில் பேச்சு எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. யாருக்கும் வழிவிடாத குடும்பத்தை ஏரிக்கரையில் நான்கு பேர் முந்திக்கொண்டு போய்விட்டார்களாம்.

அது தவறு. யாரும் எங்களை முந்தவில்லை. நான் கையைத் தூக்கினேன், அவர்கள் போனார்கள்.