வெட்டாத குலவை

நாங்கள் சென்னைக்குப் போனது மியூசியம் பார்க்க இல்லை. என் வீட்டுக்காரி செபஸ்தியம்மாளின் தொண்டையைக் காட்டத்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் புற்று என்று சொல்லிக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் இருக்கிற துளை வழியாகத்தான் மூச்சு. அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. இந்தத் தடவை டாக்டர், "எல்லாம் நல்லா இருக்கு" என்று பத்தரை மணிக்கே அனுப்பிவிட்டார். ஊருக்கு பஸ்ஸோ ராத்திரிதான்.

"லாட்ஜுல சும்மா கெடக்காம சினிமா மியூசியத்தப் பாத்துட்டு வாங்கப்பா," என்று மகள் அருள்செல்வி ஊரிலிருந்தே போனில் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம். "நம்ம கம்பம் பள்ளத்தாக்குல நடக்காத ஷூட்டிங்கா? பட்டணத்துக்கு வந்து வேற பாக்கணுமாக்கும்!" என்று கத்தினேன். செபஸ்தி பதில் சொல்ல முடியாதவள். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அவளோடு இப்போதெல்லாம் நான் ஒரு சண்டையிலும் ஜெயிப்பதில்லை.

ஒரு விஷயம் இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் குரல் எனக்கு மறந்துகொண்டு வந்தது. அனுமந்தன்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டு, அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். வார்த்தை வரும், குரல் வராது. அவளிடம் இருந்தது பட்டன் போன், ஒன்றும் பதிவாகவில்லை. மகள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். வீடியோ எடுத்த பாவி, முதலிலிருந்து கடைசி வரைக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவைத்திருந்தான்.

மியூசியத்துக்குள் கால் வைத்ததும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது உண்மைதான். மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கட்-அவுட், அதன் கட்டைவிரல் நகமே என் முகத்தளவு. யாரோ கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்த நகத்துக்கும் பளபளப்பு தீட்டியிருக்கிறான். மழை பெய்ய வைக்கிற குழாய், புயல் அடிக்க வைக்கிற காத்தாடி, ஒரே ஆள் ஓட்டுகிற பொம்மைக் குதிரை! செபஸ்தி என் சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்துக் காட்டினாள். "அடேயப்பா, எம்புட்டு வேல பாத்திருக்காக!" என்று நானும் வாயைப் பிளந்தேன்.

கடைசியில் ஒலி அறை. சுவர் முழுக்கப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: இடி, ரயில், சந்தைக் கூச்சல், சாவுக் கொட்டு. ஷூட்டிங் நடந்த ஊர்களில் பிடித்த சத்தங்கள். அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற சுந்தர்ராஜ் என்பவர், "எதையும் வெட்டாம, டேப்புல இருந்தபடியே வச்சிருக்கோம் சார்," என்றார். ஒரு சீட்டில் 'நடவுக் குலவை, கம்பம் பள்ளத்தாக்கு, 1992' என்று இருந்தது.

"அட, நம்ம ஊருப் பக்கமுல்ல!" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமுக்கினேன்.

முதலில் வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம். அப்புறம் ஒரு ஆம்பளை, "ஆரம்பிக்கலாம்மா" என்கிறான். ஒரு பொம்பளை தனியாகக் குலவையைத் தூக்கினாள். மற்றவர்கள் பின்னால் சேர்ந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, ஆனால் ஏன் என்று புரியவில்லை. குலவை முடியும் முன்னே ஒரு முரட்டுக் குரல் குறுக்கே விழுந்தது.

"ஏய் செபஸ்தி! போதும் வாடி, பஸ்ஸு போயிரும்!"

என் குரல். முப்பது வயசு ஞானதுரை, வரப்பில் நின்று கத்துகிறேன். அன்றைக்குக் கடமலைக்குண்டில் அவள் தங்கச்சி பிள்ளைக்குச் சர்ச்சில் முதல் நன்மை கொடுக்கிற புதுநன்மை விசேஷம். நாங்கள் கிளம்பி நிற்கையில்தான் மைக்கோடு சினிமாக்காரர்கள் வந்தார்கள். குலவை போட ஊரில் இவளை விட்டால் ஆள் கிடையாது என்று யாரோ கைகாட்ட, புதுச் சேலையோடு சேற்றுக்குள் இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது. வழி நெடுக அவளை ஏசிக்கொண்டே போனேன். அந்தப் படமும் ஓடவில்லை.

நான் கத்தி முடித்த இடத்தில் அவள் சிரித்தாள். அப்புறம் பேசினாள்.

"கொஞ்சம் பொறுங்க, இந்தா வந்துட்டேன்!"

ஆண்டவரே, அதுதான்! 'பொறுங்க'வில் லேசாக ஏறி, 'வந்துட்டேன்'னில் இழுத்து இறங்குகிற அதே குரல். நாலு வருஷமாகப் பந்தலடியில் தேடிய குரல் இந்தச் சுவருக்குள் இருந்திருக்கிறது. ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டிவிட்டு மறுபடி அமுக்கினேன். அவள் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டாள். தன் நெஞ்சைத் தொட்டு, 'நானா?' என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"நீதான். நீயேதான்!" என்றேன். அழுதுவிட்டேன், அதில் என்ன வெட்கம்.

சுந்தர்ராஜ் பதறிப்போய் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் செபஸ்தியின் கழுத்துத் துணியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"இத எனக்குக் குடுங்க சார். இப்பவே குடுங்க," என்றேன்.

"காப்பி வாங்க ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். நானே எழுதி, நானே வாங்கி அனுப்புறேன், கவலப்படாதீங்க," என்றவர், "அம்மா, நீங்க இப்படி வாங்க" என்று அவளை அறை நடுவில் நிறுத்தி, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். சுற்றியிருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள்.

வாய்க்கால் தண்ணீர் ஓடியது. 'ஆரம்பிக்கலாம்மா' என்றான் அந்த ஆள்.

செபஸ்தி முகத்தை நிமிர்த்தினாள். வலது கையை வாயோரம் குவித்தாள். நாக்கு சுழல ஆரம்பித்தது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சொட்டுச் சத்தம் கிடையாது, ஆனால் குலவை ஏறிய இடத்தில் அவள் நாக்கு ஏறியது, இறங்கிய இடத்தில் இறங்கியது. சத்தம் சுவரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். எனக்கு அவள் வாயிலிருந்துதான் வந்தது. நின்றவர்களில் ஒருவரும் அசையவில்லை.

"ஏய் செபஸ்தி! போதும் வாடி, பஸ்ஸு போயிரும்!" என்று அந்த முரடன் கத்தினான்.

அவள் கையை இறக்கி என் பக்கம் திரும்பினாள். சிரித்தாள். உதடு எழுத்துக்கு எழுத்து அசைந்தது.

"கொஞ்சம் பொறுங்க, இந்தா வந்துட்டேன்!"

"அவசரமில்ல செபஸ்தி," என்றேன். "பஸ்ஸு போனாப் போகட்டும். நீ போடு."