சொல் காணும் சாளரம்

மேலைக் குன்றின் தோளிலே கதிரவன் சாய்ந்து, விளைநிலங்களின்மீது செம்பொன்னைக் குழைத்துப் பூசியதுபோல் ஒளி பரப்பிய மாலைப்பொழுதில், நீரோடையை அடுத்த மேட்டில் புதுமணம் மாறாத வீடொன்று, சிறகு விரிக்குமுன் ஒரு நொடி தயங்கும் வெண்ணாரையென நின்றிருந்தது. கற்றறிந்தீர், அதன் கூரை நிலத்தின் சரிவோடு இழைந்து இறங்கும். மூலைகள் ஓடைக் கூழாங்கல்லென வளைந்து மழுங்கியிருக்கும். உட்சுவர்கள்தோறும், அமர்ந்தார்க்கும் நின்றார்க்கும் முகம் மறையா உயரத்தில், அகன்ற திறப்புகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். அடுக்களையில் நிற்பவர் முகம், இடைகழியைக் கடந்து, கூடத்தின் கடைக்கோடி இருக்கையில் அமர்ந்தவர்க்குத் தெளியத் தோன்றும்.

இதனை வரைந்தவள் அக்குடும்பத்தின் இளைய மகள், கட்டடக்கலை கற்றவள். வரைந்ததெல்லாம் தந்தையின் பொருட்டே. அவர் நெசவாலைத் தறிகளுக்கிடையே இளமையைக் கழித்தவர். இடிகள் பல ஒருங்கே முழங்கினாற்போன்ற அவ்விரைச்சலில் ஒருவர் சொல் ஒருவர்க்குக் கேளாதாதலின், ஆலையோர் உதட்டசைவைக் கண்டே உரையாடுவர், நகையாடுவர், வைதுகொள்வதும் உண்டு. அவ்வாலையே பின்னர் அவர் செவியைத் தின்றது. பழைய வீட்டின் இருண்ட அறைகளிலோ, பேசுவார் முகம் நிழலிற் புதைந்தும் சுவரில் மறைந்தும் போக, வீட்டார் கத்திச் சலித்தனர். அவரோ, தவறாக விடையிறுத்து நகைப்புக்கு ஆளாவதை அஞ்சி, நாளடைவில் பேச்சையே துறந்தார். ஆலையையே சிரிக்க வைத்த வாய், உண்பதற்கு மட்டும் திறக்கும் வாயாயிற்று. அதற்கொரு திறவுகோலாகவே மகள் இவ்வீட்டைக் கருதினாள்.

அண்ணன் அதனை நம்பினானல்லன். குடிபுகுந்த அன்றே கொத்தனாரை அழைத்து, அடுக்களைத் திறப்பின் கீழே செங்கற்களை அடுக்கிவிட்டான்.

“வீடு வரையச் சொன்னா, புல்லாங்குழல் வரைஞ்சு வச்சிருக்கா சல்லடை,” என்றான். சல்லடை என்பது தங்கைக்கு அவன் இட்ட பெயர். “சமையல் நெடி பூரா கூடத்துக்குப் போகுது. அடைச்சிடலாம்.”

“அது அப்பாவுக்காக வச்சதுண்ணா. நம்ம முகம் தெரிஞ்சா அவர் பேசுவார்.”

“காலையிலேர்ந்து கூடத்துக் கோடியிலதான் உக்காந்திருக்கார். ஒரு வார்த்தை வந்துச்சா?”

காலை முதல் யாவரும் சுமை தூக்கிய தோளும் திரும்பிய முதுகுமாய்த் திரிந்ததை அவள் சுட்டவில்லை. “பொழுது சாயட்டும். அதுக்குள்ள பேசலேன்னா, நானே கல்லை எடுத்துக் குடுக்கறேன்,” என்றாள்.

“கேட்டுக்கிட்டீங்கல்ல கொத்தனாரே? சாந்தைக் குழைச்சு வைங்க.”

சாந்து குழைந்தது, பொழுதும் சாய்ந்தது. இடைகழியில் நின்ற மகள், ஒரு கண்ணால் குன்றையும் மறு கண்ணால் தந்தையையும் நோக்கினாள். அவரோ தம் காலடியில் கிடந்த செருப்பையே பார்த்திருந்தார். இத்தனை சுவர்களை அளந்தும், துயருற்ற ஒரு நெஞ்சை அளக்கத் தவறினோமோ என்னும் ஐயம், கரையை அரிக்கும் நீரென அவளுள் புகுந்தது. இறைவனை வேண்டக் குவிந்த கை குவிந்தபடியே இருக்க, தாழ்ந்த கதிரவனின் ஒளி அடுக்களையின் மேற்குச் சாளரத்தில் நுழைந்து, எதிர்ச்சுவரின் வெண்சுண்ணத்தில் பட்டு மீண்டு, அங்கு நின்றோர் முகங்களின்மேல் பாலெனப் பொழிந்தது. அவள் வரைந்த ஒளி. வரைந்த பொழுதிலேயே வந்தது. தந்தை தலைநிமிர்ந்தார்.

அடுக்களையில் அண்ணி, “மத்தியானம் சாப்பாட்டுல உப்பு சரியா இருந்துச்சான்னு மாமாகிட்டக் கேட்டீங்களா?” என்றாள்.

“அவர்கிட்டக் கத்துறதுக்கு, அடுத்த ஊருல போய்க் கேட்டுட்டு வந்துடலாம்,” என்றான் அண்ணன். “போன தடவை ‘உப்பு போதுமா’ன்னு கேட்டேன். ‘செருப்பு வாசல்ல கிடக்கு’ன்னார்.”

அண்ணி வாய்பொத்திச் சிரிக்க, கூடத்தின் கோடியிலிருந்து, நெடுநாள் துருவேறிக் கிடந்த ஆலைச்சங்கு ஊதினாற்போல் எழுந்தது ஒரு குரல்.

“உப்பு பத்தலைம்மா. டேய், செருப்பு இப்ப வாசல்ல இல்ல, இங்கதான் கிடக்கு. எடுத்துட்டு வரவா?”

அண்ணன் கையிலிருந்த கரண்டி உலைக்குள் விழுந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அன்னை, மடித்த துணியால் கண்ணைத் துடைத்தவாறே, “இந்த வாய்க்குத்தானே நான் வாக்கப்பட்டேன்,” என்று நகைத்தாள். மகளோ, திறப்பின் விளிம்பைப் பற்றி நின்றாள்.

கொத்தனார் தலைசொறிந்தார். “அப்போ குழைச்ச சாந்தை என்ன செய்யறது?”

“என் வாயை அடைச்சிடுங்க,” என்றான் அண்ணன்.

“அதுக்கு அது பத்தாது. இன்னொரு சட்டி குழைக்கணும்,” என்றது கூடத்துக் குரல்.

சிரிப்பு, ஒரு திறப்பினின்று மறுதிறப்புக்குத் தாவி, வீடு முழுதும் நிறைந்தது. புல்லாங்குழலென்று அண்ணன் இகழ்ந்தது பொய்யன்று. இசைப்பதற்கு ஒரு மூச்சே வேண்டியிருந்தது. மறுநாள் அச்செங்கற்களைத் தோட்டத்துப் பாத்திக்கு வரம்பாக அவனே பதித்தான். கூரையைத் தாங்குமாறு சுவரை எழுப்புதல் கைத்திறம். அதனை எவ்விடத்தே விலக்க வேண்டுமென்று அறிதல் அன்பின் திறம். அதற்கு முன், சிரிப்பெழுந்த அம்மாலையே கதிரவன் குன்றின் பின்னே மறைந்தபோது, யாரும் சொல்லாமலே, அண்ணன் விளக்கை ஏற்றித் தன் முதுகுக்குப் பின்னே வையாது, முகத்துக்கு முன்னே வைத்து, “அப்பா, அப்புறம்?” என்றான்.