நினைவுகூர்தலுக்கு ஓர் எடுத்துக்காட்டு

அகராதி அலுவலகத்தில் பதினோரு வருடம் சொல் பொறுக்கிய அட்டையக்காவின் பெயர், அச்சுக்குப் போகவிருந்த முதல் பக்கத்தில் இல்லை. அது இருந்த இடத்தில் முதன்மை ஆசிரியரின் மைத்துனர் பெயர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. மைத்துனர் வேலைக்கு வந்து எட்டு மாதம். அதற்குள் அவர் மொழிக்கு ஆற்றிய தொண்டு, மாடிப்படி விளக்கை மாற்றியது.

முதன்மை ஆசிரியரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'முன்னுரை' என்பார்கள். ஆயிரத்து இருநூறு பக்கத்தில் அவர் கைப்பட எழுதியது அது ஒன்றுதான்.

அட்டையக்கா அழவில்லை, கத்தவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு கெட்டி அட்டை என்று எழுதி எழுதியே அந்தப் பெயரை வாங்கியவள், மேசையில் மிச்சமிருந்த கடைசி அட்டையை எடுத்தாள். 'நினைவுகூர்'. வினைச்சொல். பொருள் எழுதியாயிற்று: 'மறந்துபோகாதபடி மீண்டும் மீண்டும் எண்ணு'. எடுத்துக்காட்டு வாக்கியம்தான் பாக்கி. பேனாவை மூடும்போது பதினோரு வருடத்தில் முதல்முறையாகத் தன் வேலையை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அச்சுப்படி வந்ததும் முதலில் பார்த்தவர் 'ஒற்று' அண்ணன். விட்டுப்போன க், ச், த், ப் எல்லாவற்றையும் பிடித்து உள்ளே போடும் மெய்ப்புத் திருத்துநர். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, இது யாரைப் பத்தி?"

"எடுத்துக்காட்டுண்ணே. யாரையும் பத்தி இல்ல."

"வேலை போயிடும்மா."

"பேரே போயிடுச்சு. வேலையை வெச்சுக்கிட்டு என்னண்ணே பண்றது? நீங்க ஒற்றை மட்டும் பாருங்க."

"ஒற்றெல்லாம் கச்சிதமாத்தான் இருக்கு," என்று அண்ணன் பெருமூச்சோடு தாளை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டார்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி அச்சுப்படியை முதன்மை ஆசிரியர் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பார். ஒரு வரியை நீக்க வேண்டுமென்றால், யாராக இருந்தாலும், ஓரத்தில் சிவப்பு மையில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைக் கோப்பில் கட்டிக் காலத்துக்கும் வைத்திருப்பார்கள். சின்னவர்கள் இஷ்டத்துக்கு வெட்டுகிறார்கள் என்று முன்னுரையே கொண்டுவந்த விதி.

வெள்ளிக்கிழமை முன்னுரை கணீரென்று படித்துக்கொண்டே வந்தார். "நினைவுகூர். எடுத்துக்காட்டு: உழைத்தவளின் பெயரை அழித்து மைத்துனரின் பெயரை எழுதியவரை இந்த அலுவலகம் என்றும்..."

குரல் பாதிக்கிணற்றில் நின்றது.

"நினைவுகூரும்," என்று அட்டையக்கா பணிவாக முடித்துவைத்தாள்.

முன்னுரை சிவப்புப் பேனாவைத் திறந்தார். "இந்தச் சொல்லை நல்ல விஷயத்துக்குத்தாம்மா சொல்லுவாங்க."

அவள் நாலு அட்டையை வரிசையாகப் பரப்பினாள். "போர், வெள்ளம், தீ விபத்து, ரயில் கவிழ்ந்தது. நாலையும் நினைவுகூர்ந்திருக்காங்க சார். பத்திரிகையிலேர்ந்து எடுத்தது. இதுல எது சார் நல்ல விஷயம்?"

"சரி, நீளமா இருக்கே."

"பத்துச் சொல்," என்றார் ஒற்று அண்ணன், கூரையைப் பார்த்தபடி. "பன்னிரண்டு வரைக்கும் போகலாம்."

மைத்துனர் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே மாமா இருக்கு? என்ன காரணம்னு எழுதப்போறீங்க?"

அதைத்தான் முன்னுரையும் யோசித்துக்கொண்டிருந்தார். இது என்னைக் குறிக்கிறது என்று எழுதினால், கோப்பில் அவர் கையெழுத்தோடு ஒப்புதல் வாக்குமூலம். வேறெதை எழுதினாலும் எதிரே அட்டை தயாராக இருக்கிறது. பேனாவை மூடிவிட்டு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

கதவு சாத்தியதும் குரல் வெண்ணெயாக உருகியது. "தப்பு நடந்துபோச்சும்மா. முதல் பக்கத்துல உன் பேரைப் போட்டுடறேன். பெரிய எழுத்துல. நீயே அந்த வரியை வாபஸ் வாங்கிக்கோ."

பதினோரு வருடமாக அவள் கேட்க ஏங்கிய சொற்கள். நேற்றுச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். இன்று அவை வாயில் வைத்த பழஞ்சோறு போலச் சப்பென்று இருந்தன.

"முதல் பக்கத்தை யாரு சார் படிக்கிறாங்க? புரட்டிட்டு உள்ளே போயிடுவாங்க," என்றாள். "இந்த வாக்கியத்தைப் பிள்ளைங்க பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும். வாத்தியார் கரும்பலகையில எழுதுவார். யாரு சார் அந்த ஆளுன்னு ஏதாவது ஒரு பிள்ளை கேக்கும். விசாரிச்சுக்கிட்டு இங்கேதான் வரும்."

"உன் பேரு வேணாமா?"

"வேணாம் சார். நீங்க இருந்தாப் போதும்."

வாசலில் அச்சகத்து ஆள் இரண்டாவது முறையாக மணியடித்தான். முன்னுரை அச்சுப்படியை இழுத்து, 'அச்சிடலாம்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். பேனா தாளைத் தொட்டும் தொடாமலும் ஓடியது.

அட்டையக்கா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"மங்கலா இருக்கு சார். இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்திப் போடுங்க."