மூன்றாவது துளையில் கம்பி இல்லை

1

இந்தக் கதை என் அண்ணன் ஆபீசில் பிறந்தது. அதை மறைப்பது எனக்கு அழகல்ல. அவர் பெயரைச் சொல்வது அதைவிட அழகல்ல. ஆகவே அவருக்கு மருதாசலம் என்று பெயர் வைக்கிறேன். ஊர் திருச்செங்கோடு, ஆண்டு எண்பத்தேழு. தொழில், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கண்ணாத்தாளுக்குக் கம்ப்யூட்டரைத் தொட்டால் பயம்...'

அடித்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பயந்தவள் என்று முதல் வரியிலேயே எழுதக் கை வரவில்லை. தவிர, அது பொய்.

2

கண்ணாத்தாள், மருதாசலத்தின் காலமான தம்பி ஒருவரின் மகள். சேலம் அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து பெரியப்பா ஆபீசில் உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரையைக் காலையில் தண்ணீர் விட்டுத் துடைத்திருப்பார்கள். ஈரத்தில் வெறுங்காலை ஊன்றிக் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியின் மேல் கை வைப்பாள். தோலுக்கு அடியில் எறும்புகள் ஊரும். வலி இல்லை. பகல் தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லி அழைத்தது போல ஓர் அதிர்வு. திரையில் பச்சை எழுத்துகள் குளத்தடியில் கிடப்பவை போல நெளியும்.

(சில நாள் மெஷின் தானாகவே அணைந்து எழும். அதுவரை அடித்ததெல்லாம் போய்விடும். கனவில் செய்த வேலை போல.)

3

மெஷின் ஷாக் அடிக்கிறது என்று கண்ணாத்தாள் சொன்னதைப் பார்க்க, அதை விற்ற சேலத்துக் கடையிலிருந்து காளியண்ணன் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவரை மருதாசலம் தடுத்தார்.

"அட, இருக்கட்டுங்க. விருந்தாளி நீங்க எதுக்குக் கழட்டறீங்க?"

அந்த ஆபீசுக்குள் செருப்போடு நடப்பவர் மருதாசலம் ஒருவர்தான். லாரி டயரில் அடி வைத்துத் தைத்த செருப்பு. மற்றவர்கள் வாசலில் விட வேண்டும். அவர் தகப்பனார் காலத்து வழக்கம் அது.

காளியண்ணன் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "ஒண்ணும் இல்லீங்களே. எர்த் எல்லாம் சரியா இருக்குதுங்களா?"

"பிளக்குல மூணு ஓட்டை இருக்குது, கண்ணுக்குத் தெரியலீங்களா?"

(மூன்றாவது துளையில் கம்பி இல்லை. ஆபீஸ் கட்டியபோது வயர்மேன், கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த்துக்காக வாசலோரம் குழி வெட்டி உப்பும் கரியும் கொட்ட வேண்டும் என்றார். "நம்ம வாசல்ல உப்பும் கரியும் பொதச்சா, பாக்கறவன் செய்வினைன்னு சொல்ல மாட்டானா?" என்றார் மருதாசலம். ஊர் ஊராகப் பூமியைத் துளைத்தவர், தன் வாசலில் அந்தக் குழியை வெட்ட விடவில்லை.)

மருதாசலமும் தொட்டார். "எனக்கும் ஒண்ணுந் தெரியல. ஏஞ் சாமி, உக்காந்தபடியே கனா கண்டியாட்ட இருக்குது?"

"இல்லீங்க பெரியப்பா. சுர்ருனு ஏறுதுங்க."

"மெஷினு நாளைக்கே சேலம் போவட்டும். நீயும் ஊட்ல இரு. பயந்த புள்ளைக்கு ரிக் ஆபீசுல என்ன வேலை?"

"பயமும் இல்லீங்க, பொய்யும் இல்லீங்க. உங்க ரெண்டு பேரு காலுக்கடியிலயும் ரப்பர் இருக்குதுங்க. செருப்பக் கழட்டிட்டுத் தொட்டுப் பாருங்க பெரியப்பா."

டிரைவர்கள், கணக்கர், காளியண்ணன், எல்லாரும் நின்றிருந்தார்கள். அந்த வீட்டில் மருதாசலத்தைப் பார்த்து யாரும் சொல்லியிராத வாக்கியம் அது.

4

முடிவு ஒன்று. மருதாசலம் குனிந்து, இடது செருப்பின் வாரில் விரலை...

[எழுத முடியவில்லை.]

முடிவு இரண்டு. அவர் கழற்றவில்லை. மெஷின் துணி சுற்றி வண்டியேறியது. கண்ணாத்தாள் வீட்டில் இருந்தாள், மாப்பிள்ளை பார்த்தார்கள். இதை ஒரே மூச்சில் முழுதாக எழுதிவிட்டேன். குடும்ப மானம் நின்றது. மெய் சொன்ன பிள்ளைதான் குடும்பத்துக்கு வெளியே நின்றாள். தாளைக் கிழித்தேன்.

5

நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நான் தம்பி, அண்ணன் காலை வெறுங்காலாக்கும் வரியை எழுத எனக்கு முறையில்லை. உங்களுக்கு அவர் யாரோ ஒருவர்தானே.

தரை இன்னும் காயவில்லை. கண்ணாத்தாள் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் விரல்களில் எறும்புகள் ஊர்ந்தபடியே இருக்கின்றன. மருதாசலம் தன் பாதத்தைப் பார்க்கிறார். எங்கள் குடும்பத்துக்கு எது மானம், செருப்போடு நிற்கும் காலா, கழற்றிய காலா என்பதை நீங்கள் எழுதுங்கள்.